தட்டில் இருக்கும் தண்ணீர்: சிறுநீரடைப்பு வந்த ஆண் பூனைக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: எங்கள் பூனை கருப்பனுக்கு நான்கு வயது. கருத்தடை செய்யப்பட்ட ஆண், எடை 6.2 கிலோ. குட்டியிலிருந்தே டிரை ஃபுட்தான் சாப்பிடுகிறான். காலையும் இரவும் அரை டம்ளர் பால், ஞாயிற்றுக்கிழமை மீன் சோறு. சென்ற மாதம் இரண்டு நாள் லிட்டர் தட்டில் (அவன் மலமும் சிறுநீரும் கழிக்கும் மணல் தட்டு) உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். மூன்றாம் நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டான். மருத்துவமனையில் சிறுநீர் அடைத்திருக்கிறது என்று சொல்லி, டியூப் போட்டு மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பரிசோதனை அறிக்கையில் பி.எச். 7.5, ஸ்ட்ருவைட் படிகங்கள் என்று இருக்கிறது. சிறுநீர்க் கோளாறுக்கான விலை உயர்ந்த டிரை ஃபுட்டை மட்டும் தரச் சொன்னார்கள். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். வீட்டிலேயே மீனும் சோறும் சமைத்துக் கொடுக்கலாமா? வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், இளநீர் கொடுத்தால் கல் கரையுமா? கருத்தடை செய்ததால் வந்ததா, போர்வெல் தண்ணீரால் வந்ததா? இரண்டு மாதத்துக்கு முன்புதான் புது அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். இடமில்லாததால் அவனுடைய லிட்டர் தட்டை பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கருப்பன் பிழைத்து வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. உணவுக்குப் போகும் முன் அந்த இரண்டு நாள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அடைத்துக்கொண்ட ஆண் பூனைக்கு மறுபடியும் அடைத்துக்கொள்ளக்கூடும், அதிலும் முதல் சில வாரங்களில் அதற்கான வாய்ப்பு அதிகம். ஆண் பூனையின் சிறுநீர் வெளியேறும் வழி, குறியை எட்டும் இடத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. சளி போன்ற புரதமும் படிகங்களும் திரண்ட ஒரு சிறு கட்டியோ, மணல் பருமனுள்ள ஒரு கல்லோ, சில வேளைகளில் வெறும் வீக்கமும் தசை இறுக்கமுமே கூடவோ அந்த வழியை மூடிவிடப் போதும். மூடிய பிறகு சிறுநீரோடு போக வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் உடல் தளர்ந்து, இரண்டு மூன்று நாள்களில் இதயத் துடிப்பு நின்றுபோகும் அளவுக்கு அது ஏறிவிடக்கூடும். மூன்றாம் நாள் நீங்கள் பார்த்த வாந்தியும் சுருண்ட படுக்கையும் அதன் அடையாளங்களே.

மலத்துக்கு முக்குவதையும் சிறுநீருக்கு முக்குவதையும் வெளியிலிருந்து பிரித்தறிவது எளிதன்று என்பதால், என்னிடம் வரும் அடைப்புப் பூனைகளில் பலவும் விளக்கெண்ணெய் குடித்த பிறகே வந்து சேர்கின்றன. ஆகவே உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை. இனிமேல் ஆண் பூனை தட்டுக்கு அடிக்கடி போய், கத்தி, குறியை நக்கிக்கொண்டு, தட்டில் ஈரக் கட்டி எதுவும் விழாமல் திரும்புவதைக் கண்டால், காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பின்வயிற்றில் எலுமிச்சம்பழம் போல இறுகிய உருண்டை தட்டுப்பட்டால் அதை அழுத்திப் பார்க்க வேண்டாம். நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது.

இனி உங்கள் கையிலுள்ள அறிக்கைக்கு வருவோம். ‘ஸ்ட்ருவைட் படிகங்கள்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தவுடன் கருப்பனுக்குக் கல் இருக்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். படிகம் வேறு, கல் வேறு. ஸ்ட்ருவைட் என்பது மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு. நோயே இல்லாத பூனைகளின் சிறுநீரிலும் அதன் படிகங்கள் காணப்படுவதுண்டு. எடுத்த சிறுநீரை உடனே பார்க்காமல் ஃபிரிட்ஜில் வைத்தாலோ, வெளி ஆய்வகத்துக்கு அனுப்பித் தாமதமானாலோ, பூனையின் உடலில் இல்லாத படிகங்கள் குப்பிக்குள்ளேயே புதிதாக உருவாகிவிடும். சிறுநீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவும் அவ்வாறே சாப்பிட்ட சில மணி நேரத்துக்கும், பயந்து மூச்சிரைக்கும்போதும் காரப்பக்கம் நகரும். கூடையில் அடைபட்டு மருத்துவமனைக்கு வரும் பூனை பயப்படாமல் இருப்பது அபூர்வம். எனவே அந்த ஒரு தாளை வைத்து ஆயுள் முழுவதற்கும் உணவை முடிவு செய்ய நான் தயங்குவேன்.

உங்கள் கடிதத்தில் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுத்ததாகக் குறிப்பே இல்லை. விலை உயர்ந்த உணவு மூட்டைக்குச் செலவழிக்கும் முன், சிறுநீர்ப்பையோடு வெளியேறும் வழி முழுவதும் தெரியும்படி ஓர் எக்ஸ்ரேக்குச் செலவழிப்பதே என் தேர்வாக இருக்கும். ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்சலேட் ஆகிய இரண்டு வகைக் கற்களும் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். கோவையில் வசதி கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. கல் இருந்து அது ஸ்ட்ருவைட்டாகவும் இருந்தால் அதற்கென்றே உள்ள உணவு அதைக் கரைத்துவிடும். பூனைகளில் இந்த வகைக் கல் பெரும்பாலும் கிருமித்தொற்று இல்லாமல் உருவாவதால் இரண்டு முதல் நான்கு வாரங்களிலேயே பல கற்கள் மறைந்துவிடுகின்றன. கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்த உணவும் கரைக்காது. அதை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். கல்லே இல்லாமலும் இருக்கலாம். நடுத்தர வயதுப் பூனைகளில் சிறுநீர்க் கோளாறோடு வருபவற்றில் ஏறத்தாழ பாதிக்கு மேற்பட்டவற்றில் கல்லும் இருப்பதில்லை, கிருமியும் இருப்பதில்லை. காரணம் தெளிவாகப் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சிதான் இருக்கும். கிருமித்தொற்று பத்து வயதைத் தாண்டிய பூனைகளிலும், சிறுநீரக நோயோ சர்க்கரை நோயோ உள்ளவற்றிலும்தான் அதிகம்; ஆகவே நான்கு வயதுக் கருப்பனுக்கு ஆன்டிபயாடிக் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு அவ்வப்போது கொடுப்பதில் பயனில்லை.

இந்த மூன்று நிலைகளில் எதுவாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் மாற்றமில்லை: கருப்பனின் உடலுக்குள் இப்போது போவதைவிட அதிகமாகத் தண்ணீர் போக வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதையான காட்டுப்பூனை, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்தது. அது தண்ணீரைத் தேடிப் போய்க் குடித்ததைவிட, இரையின் உடலிலிருந்து பெற்றதே அதிகம். ஓர் எலியின் உடலில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். அந்தப் பரம்பரைக் குணத்தால் பூனைக்குத் தாக உணர்ச்சி மந்தமாகவும், சிறுநீரை மிகக் கெட்டியாக்கும் திறன் அதிகமாகவும் இருக்கின்றன. அப்படிப்பட்ட உயிருக்கு நாம் வாழ்நாள் முழுவதும் 10 சதவீதத்துக்கும் குறைவான ஈரமுள்ள உருண்டைகளைப் போடுகிறோம். டிரை ஃபுட் தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்கிறது என்றாலும், ஈர உணவு தின்னும் பூனைக்குக் கிடைக்கும் மொத்தத் தண்ணீரின் அளவை அது எட்டுவதில்லை.

கணக்காகவே பாருங்கள். ஐந்து கிலோ எடையுள்ள பூனைக்கு உணவும் குடிநீரும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 மில்லி தண்ணீர் தேவை. 60 கிராம் டிரை ஃபுட்டில் அதற்குக் கிடைப்பது ஐந்து மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. கடையில் விற்கும் 85 கிராம் கிரேவி பவுச் ஒன்றிலேயே கிட்டத்தட்ட 70 மில்லி தண்ணீர் இருக்கிறது. 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இந்த வகை அழற்சியுள்ள பூனைகளில் ஒரு குழுவுக்கு ஈர உணவும் இன்னொரு குழுவுக்கு உலர் உணவும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். ஈர உணவு தின்றவற்றில் 11 சதவீதத்துக்கும், உலர் உணவு தின்றவற்றில் 39 சதவீதத்துக்கும் நோய் திரும்பியது. இரண்டுமே சிறுநீரை அமிலப்பக்கம் வைக்கும் உணவுகள்தான் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. முக்கிய வேறுபாடு ஈரத்தில் இருந்தது. எல்லாக் குற்றத்தையும் டிரை ஃபுட்டின் தலையில் கட்டுவதும் சரியன்று. அதைத் தின்றே பதினைந்து வயது வரை ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்த பூனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருமுறை அடைத்துக்கொண்ட ஆண் பூனைக்கு அதை மட்டுமே கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

தண்ணீரை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970களிலும் 80களிலும் உணவிலுள்ள மெக்னீசியமே பூனைக் கல்லுக்குக் காரணம் என்று கருதினார்கள். சோதனைப் பூனைகளுக்கு மெக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துக் கொடுத்தபோது ஸ்ட்ருவைட் கற்கள் உருவாகவும் செய்தன. பிறகுதான், அதே மெக்னீசியத்தைக் குளோரைடு வடிவில் கொடுத்தால் சிறுநீர் அமிலமாகவே இருந்து கல் உருவாவதில்லை என்பது தெரியவந்தது. மெக்னீசியத்தின் அளவோடு சிறுநீரின் காரத்தன்மைக்கும் அதில் பெரும் பங்கு இருந்தது. இதற்கிடையே நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் உணவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1981ஆம் ஆண்டு முதல் கற்களைப் பகுத்தாய்ந்துவரும் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மையத்தின் பதிவுகளில் அடுத்த பத்திருபது ஆண்டுகளில் ஸ்ட்ருவைட்டின் பங்கு சரிந்தது. ஆனால் அமிலச் சிறுநீரில் உருவாக ஏதுவான கால்சியம் ஆக்சலேட்டின் பங்கு ஏறியது. ஒரு கல்லைத் துரத்தப்போய் இன்னொரு கல்லை அழைத்துவந்த கதை அது. ஆகவே, அமிலமாக்குகிறேன் என்று வைட்டமின் சி மாத்திரையோ எலுமிச்சைச் சாறோ நீங்களாகச் சேர்க்க வேண்டாம். வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாகவே மாறக்கூடியது. எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு வகைக் கல்லையும் தள்ளிப்போடக்கூடியது சிறுநீர் நீர்த்திருப்பது ஒன்றே.

மருத்துவர் சொன்ன உணவை எக்ஸ்ரே முடிவு தெரியும் வரை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் அதே வகையில் பவுச்சாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்குங்கள். ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ போன்றவை இரண்டு வடிவிலும் வருகின்றன. உலர் வடிவமே கையில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். மணம் எழும்புவதால் முகர்ந்துவிட்டுப் போகும் பூனையும் வாய் வைக்கும். நம் ஊர் வெயிலில் ஊறவைத்த உணவு புளித்துவிடும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள். பழைய உணவைத் தினமும் சிறிது சிறிதாகக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, ஏழு முதல் பத்து நாளில் முழுமையாக மாற்றுங்கள். பசித்தால் தின்னட்டும் என்று பட்டினி போடுவது மட்டும் கூடாது. கருப்பனைப் போன்ற பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, அடைப்பைப் போலவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

வீட்டுச் சமையலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் கொடுக்கப்படும் மீன் சோற்றில் மீனைவிடச் சோறு அதிகம் என்பதுதான் என் குறை. பூனை இறைச்சி தின்றே வாழ வேண்டிய உயிர். தாவர உணவு சிறுநீரைக் காரப்பக்கம் தள்ளும், இறைச்சி அமிலப்பக்கம் கொண்டுவரும். தயிர்ச் சோறும் பால் சோறும் தின்று வளரும் பூனையின் சிறுநீர் ஸ்ட்ருவைட்டுக்குத் தோதாக இருப்பதில் வியப்பில்லை. அத்துடன் டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனை தன் தேவைக்குப் போதுமான அளவு தானாக உருவாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். டாரின் தண்ணீரில் கரைவது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பகுதியும் போய்விடும். எலும்பு இல்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தால் பாஸ்பரஸ் கூடிக் கால்சியம் குறையும். இவற்றையெல்லாம் ஈடுகட்டும் அளவுகளோடு ஒரு கால்நடை உணவு நிபுணர் எழுதிக் கொடுக்கும் வரை, வீட்டுச் சமையலை முழு உணவாக்க வேண்டாம்.

ஆனால் அந்த வெந்த தண்ணீர் கருப்பனுக்கு நல்லது. மத்தியோ சங்கராவோ கோழி நெஞ்சுக்கறியோ, உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்த சாற்றை இரண்டு மூன்று மேசைக்கரண்டி அவன் உணவில் ஊற்றிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை என்பதால், நாம் சாப்பிடும் குழம்பில் மீனைக் கழுவிக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. சில மீன்களைப் பச்சையாகக் கொடுப்பதால் வைட்டமின் பி1 சிதையும். வேகவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. கருவாட்டின் உப்பு தாகத்தைத் தூண்டும், அதனால் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். சிறுநீர்க் கோளாறுக்கான உணவுகள் சிலவற்றில் உப்பைச் சற்றுக் கூட்டி வைப்பது உண்மை. அது அளந்து வைத்தது, கருவாட்டின் உப்பு அளவில்லாதது.

பாலை நிறுத்திவிடலாம். நாளொன்றுக்கு 100 மில்லி பால் என்று வைத்தாலும் 60 கலோரிக்கு மேல். கருப்பனுக்கு மொத்தமாகவே 220 கலோரி அளவில்தான் தேவை. 6.2 கிலோ எடை இந்த நோய்க்கு ஒரு காரணி என்பதைக் கணக்கில் கொண்டு, வாரத்துக்கு 50 கிராம் அளவில் மெல்ல இறக்கி ஐந்து கிலோவை நெருங்கச் செய்யுங்கள். பாலின் ருசி இல்லாமல் தண்ணீரே குடிப்பதில்லை என்றால், ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாலைக் கலந்து வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வாழைத்தண்டும் பார்லியும் மனிதருக்கு நெடுங்காலமாகப் பழகியவை. கருப்பனுக்கு அவை தேவையில்லை என்பதோடு, வாயைப் பிடித்துச் சிரிஞ்சால் ஊற்றும்போது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயமும் இருக்கிறது. இளநீரைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: இளநீரிலும் வாழைத்தண்டிலும் பொட்டாசியம் மிகுதி. அடைப்புள்ள பூனையைக் கொல்வதே பொட்டாசியம்தான் என்று மேலே சொன்னேன். அடைத்திருக்கும்போது உடல் குளிரட்டும் என்று இளநீர் கொடுப்பது தீயில் எண்ணெய் வார்ப்பதாகிவிடும்.

கருத்தடையைப் பற்றிய ஐயம் எல்லோருக்கும் வருவது. கருத்தடை செய்தால் சிறுநீர் வழி வளராமல் குறுகிப்போகும் என்று நெடுநாள் நம்பப்பட்டது. அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படி வேறுபாடு தென்படவில்லை. கருத்தடைக்குப் பின் பசி கூடி, ஓட்டம் குறைந்து, எடை ஏறுவதுதான் மறைமுகக் காரணம். அதை உணவுத் தட்டிலேயே சரிசெய்யலாம். போர்வெல் தண்ணீரிலுள்ள தாது உப்புகள், உணவின் வழியாகப் போவதோடு ஒப்பிட்டால் சொற்பம். அவனுக்கு எந்தத் தண்ணீர் பிடிக்கிறதோ அதையே அகலமான கிண்ணங்களில், உணவுத் தட்டுக்கும் லிட்டர் தட்டுக்கும் எட்டி, வீட்டில் மூன்று நான்கு இடங்களில் வைத்துத் தினமும் மாற்றுங்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். காரணம் பிடிபடாத அழற்சி என்று சொன்னேனே, அதில் மன அழுத்தத்தின் பங்கு பெரிது. வீடு மாறுவது, புது ஆள் வருவது, சன்னலுக்கு வெளியே வேறு பூனை நடமாடுவது போன்றவை பூனைக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய குலைவுகள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் அவருடைய குழுவினரும் இத்தகைய பூனைகளின் வீட்டுச் சூழலை மாற்றியமைத்தே நோய் திரும்புவதைக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். கருப்பனின் தட்டு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது சுழலத் தொடங்கும் நேரத்தில் எந்தப் பூனை அங்கே போய் நிம்மதியாக உட்காரும்? சத்தத்துக்குப் பயந்து சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால், அது சிறுநீர்ப்பையில் தேங்கி இன்னும் கெட்டியாகும். தட்டை இன்றைக்கே ஓசையில்லாத ஒரு மூலைக்கு மாற்றி, முடிந்தால் வேறோர் இடத்தில் இரண்டாவது தட்டையும் வையுங்கள். வாசனை சேர்க்காத, ஈரம் பட்டால் கட்டியாகும் லிட்டர் மணலாக இருந்தால் உங்களுக்கும் ஒரு வசதி: நாளொன்றுக்கு எத்தனை கட்டி, எவ்வளவு பெரியது என்று எண்ணிவிடலாம். ஈர உணவுக்கு மாறிய சில நாள்களில் அந்தக் கட்டிகள் பெரிதாவதைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

மாற்றங்கள் நிலைபெற்ற நான்கு வாரத்துக்குப் பின் மருத்துவமனைக்குப் போகும்போது, சிறுநீரின் அடர்த்தி எண்ணை (எண் கூடக்கூடச் சிறுநீர் கெட்டி என்று பொருள்) கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இப்போது 1.050ஐத் தாண்டியிருந்தாலும் வியக்க மாட்டேன், அதை 1.035க்குக் கீழே கொண்டுவருவதே நம் இலக்கு. மாதிரியை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகாமல், மருத்துவமனையிலேயே எடுத்து அங்கேயே உடனடியாகப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.